மருதாணிக்கு அடியில் வெடிப்பு

தொழிற்சாலைகளின் முதலுதவி அறைகளில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, விரல் துண்டானவர்களும் மயங்கி விழுந்தவர்களும் உங்களிடம் எப்போதாவதுதான் வருவார்கள். வந்தால் நீங்கள் படித்தது கைகொடுக்கும். தினம் தினம் உங்கள் உயிரை வாங்கப்போவது வறண்டு வெடித்த கை. அது தானாக உங்களைத் தேடி வராது. முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும், பாக்கெட்டுக்குள் போகும், முதுகுக்குப் பின்னால் போகும். நீங்கள் போய்ப் பிடித்து இழுக்க வேண்டும். என் வேலைக்காலத்தில் பாதி இந்த மல்லுக்கட்டிலேயே போயிற்று. ஓய்வு பெற்றும் அந்த எரிச்சல் எனக்கு அடங்கவில்லை. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நர்ஸ் படிப்புப் படித்தது சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். அங்கே ஒரு வார்டு சிஸ்டர் இருந்தார். கார்பாலிக் சோப்பில் கழுவிக் கழுவி எங்கள் கைகள் எல்லாம் மரப்பட்டையாகிவிட்டன. வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவர் எங்களை வரிசையாக நிற்கவைத்து உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். கைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இன்னிக்கு உங்கள்ல யாரு யாரு கை கழுவாம ஏமாத்துனீங்க?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டோம். "எரியுதுன்னா எவளும் கழுவ மாட்டா. தண்ணியில விரலை நனைச்சிட்டு ஓடிடுவா. காய்ஞ்ச கை அழுக்குக் கையாவறதுக்கு ரொம்ப நேரம் ஆவாது" என்றார். பிறகு ஒரு களிம்பு டப்பாவை நீட்டி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தடவச் சொன்னார். அவ்வளவுதான் பாடம். கை வறட்சி என்பது அழகு பார்க்கிறவர்களின் கவலை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருவதற்கு அவர்தான் காரணம்.

என்னோடு படித்தவர்கள் குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் போனார்கள். நான் மாம்பழத்துக்குப் போனேன். வெளிநாட்டு வியாபாரம் திறந்துவிட்ட புதிதில் சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. அதில் ஒன்றில் எனக்கு ஓர் அறை, ஒரு கட்டில், ஓர் அலமாரி. சீசன் வந்தால் லாரி லாரியாகக் கிளிமூக்கு மாம்பழம் வந்து இறங்கும். பெல்ட்டில் ஓடிவரும் பழத்தில் காம்பையும் அழுகலையும் அறுத்துத் தள்ளுவது பெண்களின் வேலை. காலையிலிருந்து மாலை வரை கை ஈரத்தில். போதாததற்குப் பழத்தின் புளிப்பு, காம்பின் பால், உள்ளே நுழையும்போது கை முக்கச் சொல்லும் பிளீச்சிங் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பவுடரை எவ்வளவு கலக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் மூக்கைத் துளைக்கிற வாடை வந்தால்தான் சூப்பர்வைசருக்குச் சுத்தத்தில் நம்பிக்கை வரும். ஒரு கை போட வேண்டிய இடத்தில் இரண்டு கை அள்ளிப் போடுவார். பார்வையிட யாராவது வருகிறார்கள் என்றால் மூன்று.

சீசன் தொடங்கிச் சில நாளிலேயே கைகள் வெடிக்கும். முதலில் விரல் கணுக்கள், பிறகு கட்டை விரலின் அடி. அதற்கு அந்தப் பெண்கள் செய்த வைத்தியத்தை எல்லாம் கேட்டால் நீங்களும் தலையில் அடித்துக்கொள்வீர்கள். கறை போக எலுமிச்சம்பழத் தோல். எலுமிச்சை எரிந்தால் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் வாடை போகத் துணி சோப்பும் கொதிக்கிற வெந்நீரும். வெடிப்பு ஆழமானால் மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு சொட்டு. இவ்வளவையும் செய்துவிட்டு, "இன்னா நர்சம்மா, கை ஆறவே மாட்டேங்குது?" என்று என்னைக் கேட்பார்கள்.

கையுறை கேட்டேன். ஒரு பெட்டி வந்தது. எல்லாமே வாட்டசாட்டமான ஆண்களுக்கான அளவு. அதற்குள் தண்ணீர் புகுந்து, கை நாள் முழுக்க ஊறி, கழற்றும்போது வெளுத்துச் சுருங்கியிருக்கும். உள்ளே போட்டுக்கொள்ளப் பருத்திக் கையுறை வேண்டும் என்று கேட்டேன். பனிக்காலமா வந்துவிட்டது என்று மேனேஜர் சிரித்தார். அவர் திருப்பதிக்காரர், கெட்ட மனிதர் இல்லை. அவர் வேலை பெல்ட் நிற்காமல் பார்த்துக்கொள்வது, என் வேலை அதற்குக் குறுக்கே நிற்பது.

இதில் ஒரு விதி வேறு இருந்தது. கையில் காயமோ வெடிப்போ உள்ளவர்கள் பழத்தைத் தொடக் கூடாது. நியாயமான விதி, நானே அதற்குக் காவல். காலையில் கேட்டில் நின்று கைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் மேனேஜர் அதை நடத்திய விதம்தான் வினை. வெடிப்பு இருந்தால் வீட்டுக்குப் போ. அப்படி ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டவளை அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள். அவள் இடத்தைப் பிடிக்க ஊரில் ஆள் காத்துக்கொண்டிருந்தது. விதி சுத்தத்துக்காக வந்தது. அது கற்றுக்கொடுத்ததோ ஒளிக்க.

ஒளிப்பதில் தலைவி கன்னியம்மா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்க்காரி. அவள் பெற்றோர் காலம் வரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லை. இவள் காலத்தில்தான் ஏதோ ஒரு துண்டு நிலம் வந்திருந்தது, அதுவும் மழை பெய்தால்தான் நிலம். வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனவர், பண்டிகைக்குப் பண்டிகை வருவார். சீசன் வேலைதான் கன்னியம்மாவுக்கு நிச்சயமான வேலை. அந்தப் பெல்ட்டில் அவள் கத்தி ஓடுகிற வேகத்துக்கு யாரும் ஈடில்லை. அது அவளுக்கும் தெரியும். "நான் இல்லன்னா பெல்ட்டு நின்னுபூடும் நர்சம்மா" என்பாள். கேட்டில் கையை நீட்டச் சொன்னால் இப்படி ஒரு தரம் அப்படி ஒரு தரம் விசிறி மாதிரி ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். நில் என்று நான் கத்துவதற்குள் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள்.

ஒரு வருடம் சீசன் நடுவில் ஆஷாட மாதம் பிறந்தது. தெலுங்குக்காரர்கள் அந்த மாதத்தில் கோரிண்டாக்கு வைத்துக்கொள்வார்கள். நம் மருதாணிதான். எல்லை ஊர்த் தமிழ்ப் பெண்கள் நல்ல வழக்கம் எங்கிருந்து வந்தாலும் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டில் நிற்கிறேன். முதலில் வந்தவளின் கை சிவப்பு. அடுத்தவளின் கை சிவப்பு. வரிசை முழுக்கச் சிவப்பு. அதுவும் பூவும் கொடியுமாக இல்லை. உள்ளங்கை, விரல் சந்து, புறங்கை என்று ஒரு இடம் விடாமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அடித்திருந்தார்கள். நடுவில் கன்னியம்மா, சிரித்த முகம்.

"இது என்ன கூத்து?"

"ஆஷாடம் நர்சம்மா. கோரிண்டாக்கு வெச்சிக்கணும் இல்ல? எங்க வூட்டாண்ட கீற செடிய மொட்டையடிச்சிட்டோம்."

"ஒவ்வொருத்தரா வெளிச்சத்துக்கு வாங்க. கையைப் பார்க்கணும்."

அதற்குள் மேனேஜர் ஓடிவந்தார். கூழ் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் தர ஆய்வாளர் திருப்பதியிலிருந்து கிளம்பிவிட்டாராம். "ஆஷாடம் காதா சிஸ்டர், வதிலேயண்டி!" என்று என்னை விட்டுவிடச் சொல்லிவிட்டு, பெண்களை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். பிளீச்சிங் தொட்டியில் அன்றைக்கு எத்தனை கை பவுடர் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. என் கண்ணிலிருந்தே தண்ணீர் வந்தது.

கொஞ்ச நேரத்தில் பெல்ட் நின்றது. பெல்ட் நின்றால் தொழிற்சாலை முழுக்க ஒரு அமைதி வரும். ஓடினேன். ஆய்வாளர் வடக்கத்திக்காரர். நெற்றியில் மலைக்குப் போய் வந்த நாமம், மேலே வெள்ளைக் கோட்டு. மஞ்சள் பழத்தின்மேல் வரிசையாகச் சிவந்த கைகளைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். முதலில் ரத்தம் என்றே நினைத்தாராம். மேனேஜர் வியர்த்து வழிந்துகொண்டு, இது எங்கள் ஊர் வழக்கம், வெறும் சாயம் என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "நீங்கள்தான் நர்ஸா? சாயம், சரி. சாயத்துக்கு அடியில் கை எப்படி இருக்கிறது?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளே, இந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். கை நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் பெல்ட் ஓடியிருக்கும். சீழ் வைத்த வெடிப்பு ஒன்று அந்தக் கூழுக்குள் நாள் முழுக்க இருந்திருக்கும். அதை எந்த ஊர்க் குழந்தை குடிக்குமோ? கை சரியில்லை என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அன்றைக்கே வீட்டுக்கு. அடுத்த வருடமும் கூப்பிட மாட்டார்கள். கன்னியம்மா என்னைப் பார்க்கவே இல்லை. நின்றுபோன பெல்ட்டில் இருந்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒளிக்கிறவர்கள் மேல், ஒளிக்க வைக்கிறவர்கள் மேல். அந்தக் கோபம்தான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்திலேயே சொன்னேன். "பார்க்காமல் சொல்ல மாட்டேன். இப்போதே எல்லாருடைய கையையும் பார்க்கிறேன். வெடிப்பு உள்ளவர்கள் பழத்தைத் தொட மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அவர்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கை ஆறும்வரை டின்னுக்கு லேபிள் ஒட்டுகிற பக்கம் போட வேண்டும், ஈரம் இல்லாத வேலை. சரி என்று மேனேஜர் சொன்னால் பார்க்கிறேன். வீட்டுக்கு அனுப்புவதென்றால் நாளைக்கு வேறு எதையாவது பூசிக்கொண்டு வருவார்கள், நான் தினமும் இந்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் பழமே பழுத்திருக்கும். வெளியே லாரிகள் நின்றன, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வாளர், "நியாயமாகத்தானே கேட்கிறார்?" என்றார். மேனேஜர் சரி என்று தலையாட்டினார். வாயால் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அதைத் தமிழிலும் தெலுங்கிலும் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்னையே பெல்ட்டில் ஏற்றியிருப்பார்.

மருதாணிக்கு அடியில் வெடிப்பை எப்படிப் பார்ப்பது? அது சுலபம். வெடித்த கை இறுக மூடாது. மூடினால் தோல் இழுத்துப் பிளக்கும். ஜன்னல் ஓரம் நின்று, "கையை இறுக்கி மூடுங்க" என்றேன். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பாதி மூடியதுமே முகம் சுளித்தவர்களை லேபிள் பக்கம் நிறுத்தினேன். மருதாணி அரைக்கும்போது சிவக்கட்டும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறார்கள். எரிச்சலில் ஒருத்தியும் தூங்கவில்லையாம்! இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியில் கன்னியம்மா வந்தாள். கையை நீட்டினாள். மூடினாள். கல் மாதிரி இறுக்கமாக, ஒரு சுளிப்பும் இல்லாமல்.

"பாத்துட்டீங்க இல்ல நர்சம்மா? ஒண்ணும் இல்ல. நான் பெல்ட்டுக்குப் போறேன்."

"மூடினது போதும். திற."

திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டு விரல், மோதிர விரல் என்று வந்து கட்டை விரலுக்கு வந்தபோது அதன் அடியிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரைக்கும் ஓடியது. மருதாணியின் சிவப்பு வேறு, ரத்தத்தின் சிவப்பு வேறு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்.

"ஏண்டி இப்படி?" என்று கத்திவிட்டேன். கூட்டத்தில் யாரையும் டி போட்டுப் பேசுகிறவள் இல்லை நான்.

"லேபிளு ஒட்டுன்னுதான் இன்னிக்கி சொல்லுவாங்கோ. அந்த ஆளு கார்ல ஏறிப் போனதும் வூட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்கோ. எனுக்குத் தெரியாதா? அடுத்த வருசம் என்னை யாரு கூப்புடுவாங்கோ?" கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "நீங்கோ நர்சம்மா, உங்குளுக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும்."

கட்டுப்போட்டேன். எனக்கு அப்போது அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது, ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. லேபிள் பக்கம் போகச் சொன்னேன்.

ஆய்வாளர் கார் ஏறிப் போனார். அன்று மாலை வேன் கிளம்பும்வரை நான் லேபிள் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் இரண்டு மூன்று தரம் அந்தப் பக்கம் வந்தார், என்னைப் பார்த்தார், போனார். மறுநாளும் உட்கார்ந்தேன். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. எல்லார் முன்னாலும் வாயால் சொல்லிவிட்டதால் அனுப்பவில்லையோ, என் ஸ்டூலைப் பார்த்து அலுத்துப்போய் அனுப்பவில்லையோ, எனக்குத் தெரியாது. வேலை நடந்தது, எனக்கு அது போதும்.

கதை அதோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். கை ஆற வேண்டுமே! மாலையில் குளிர்ந்த நீரில் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள் என்று என் அறையில் ஒரு டின் தேங்காயெண்ணெய் வாங்கி வைத்தேன். ஒருத்தியும் வரவில்லை. என் அறைப் பக்கம் வந்தால் கையில் குறை என்று ஊர் பேசுமாம். சரி என்று டின்னைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் வேனுக்குக் காத்திருக்கும் புளிய மரத்தடியில் வைத்தேன். மறுநாளே டின் காலி. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் பார்க்கிறேன், எல்லார் தலையும் பளபளவென்று படிய வாரியிருக்கிறது. மிச்சம் இருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றிக் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு விளக்கேற்ற எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கையைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது என் எண்ணெய்.

அதற்கப்புறம் எண்ணெயை நிறுத்திவிட்டு வெள்ளைக் களிம்பு வாங்கினேன். வாசனை இல்லாத, பிசுபிசுவென்ற மெழுகுக் களிம்பு. தலையில் தடவினால் சீப்பு இறங்காது, விளக்கில் விட்டால் எரியாது. வேறு வழியில்லாமல் கையில் தடவினார்கள். இதைப் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன், பொறுமை தீர்ந்தவளுக்குத் தோன்றிய யோசனை. ஆனால் நீங்கள் ஒரு மருந்தை வாங்கும்போது அது வேறு எதற்கெல்லாம் உதவும் என்று முதலில் யோசியுங்கள். பருத்திக் கையுறையும் ஒரு வழியாக வந்தது. பிளீச்சிங் கலப்பதற்கு நானே ஓர் அளவுக் கரண்டியைத் தொட்டியில் கயிறு போட்டுக் கட்டினேன். சூப்பர்வைசர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கன்னியம்மா லேபிள் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தாள். தினமும் என்னிடம் வந்து கையை மூடிக் காட்டுவாள். "மூடறது எல்லாரும் மூடுவாங்க. திற" என்பேன். திறப்பாள். இன்னும் இல்லை என்பேன். முணுமுணுத்துக்கொண்டே போவாள். களிம்பு மட்டும் தவறாமல் தடவிக்கொண்டாள். சீசன் முடிய இருந்த சமயத்தில் ஒரு நாள் கட்டை விரலின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் மிச்சம் இருந்தது. பெல்ட்டுக்குப் போகச் சொன்னேன். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "சொன்னேன் இல்ல, நான் இல்லாம பெல்ட்டு ஓடாதுன்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் இல்லாமல் பெல்ட் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் சீசனுக்கு ஆட்களைக் கூப்பிட்டபோது கன்னியம்மாவையும் கூப்பிட்டார்கள். முதல் வாரத்தில் ஒரு காலையில் கேட்டில் நிற்கிறேன். புதிதாக வந்த ஒரு பெண், குப்பம் பக்கம் சாந்திபுரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள். கையைக் காட்டு என்றேன். காட்டவில்லை. இன்னொரு தரம் சொன்னேன், என் குரல் வழக்கம்போல ஏறியது. அவள் பின்வாங்கினாள். எனக்கு மறுபடியும் அதே எரிச்சல், முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டுமே என்கிற எரிச்சல்.

அவளுக்குப் பின்னால் கன்னியம்மா நின்றிருந்தாள். "காட்டுடி" என்றாள். "இங்க கை வெடிச்சா தொரத்த மாட்டாங்கோ. இந்தம்மாவுக்கு வாய்தான் நீளம். காட்டு."

அந்தப் பெண் முந்தானையை விலக்கிக் கைகளைத் திறந்தாள். வெடிப்புதான், வேறென்ன? விரல் சந்தெல்லாம் வெடிப்பு. களிம்பு டப்பாவைக் கையில் கொடுத்து, லேபிள் பக்கம் போகச் சொன்னேன். அவள் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"நாளைக்கி வரலாமா, நர்சம்மா?"

"வா" என்றேன்.